கிளாஸ்டன்பரி டோர்: சுற்றிலும் சதுப்பு, நடுவில் ஒரே குன்று. அது மட்டும் எப்படி மிஞ்சியது?

குன்றுமணி (இழையைத் தொடங்கியவர்)

இங்கிலாந்தின் தென்மேற்கில், சாமர்செட் கவுண்டியில் இருக்கும் கிளாஸ்டன்பரி டோர் பற்றித் தமிழில் ஒரு விரிவான குறிப்பு தயாராகிறது. உயரம் 158 மீட்டர்தான். ஆனால் சுற்றியுள்ள சாமர்செட் லெவல்ஸ் சமவெளி கடல்மட்டத்துக்குச் சில மீட்டரே மேலே இருப்பதால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் கண்ணில் படுகிறது. இணையத்தில் கிடைப்பதில் முக்கால்வாசி ஆர்தர் மன்னன் கதை. அது போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கிறது. தேவை வேறு:

1. குன்றின் தலையில் இருப்பது பிரிட்போர்ட் மணல் என்கிறார்கள். டோர்செட் கடற்கரையில் வெஸ்ட் பே பாறைமுகத்தில் தெரிவதும் அதே அடுக்குதான்; அங்கே பல இடங்களில் கையால் உதிர்க்கலாம், மழைக்காலத்தில் பெயர்ந்து விழுகிறது. அவ்வளவு மெத்தென்ற கல் இங்கே எப்படிக் கவசமானது?
2. சரிவைச் சுற்றி ஏழு படிகள் இருக்கின்றனவே, உழவா, இயற்கையா, வழிபாட்டுப் பாதையா?
3. போக நினைப்பவர்களுக்கு உருப்படியான தகவல்.

ஆதாரமில்லாத 'சக்திக்கோடு' சமாசாரம் வேண்டாம், ப்ளீஸ்.

பாறைப்பித்தன்

முதல் கேள்விக்கு என் பங்கு.

அடியிலிருந்து மேலே போவோம். எல்லாமே ஜுராசிக் காலத்தின் தொடக்கப் பகுதி, லயாஸ் தொகுதி. கீழே நீல லயாஸ்: சாம்பல்நீலச் சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் மாறி மாறி. அதன்மேல் தடித்த களிப்பாறை. அதற்கு மேல் டைரம் அடுக்கு, வண்டலும் களியும். பிறகு பீக்கன் சுண்ணாம்புக்கல், மெல்லிய அடுக்கு. உச்சிக் கூம்பு முழுக்கப் பிரிட்போர்ட் மணல். ஊர் மக்கள் டோர் என்று சொல்வது பெரும்பாலும் இந்த மணல் பகுதியைத்தான். கீழே அகன்று கிடக்கும் மேடு அதற்கான பீடம்.

இந்த அடுக்குகள் டோரோடு நின்றுவிடவில்லை. கிழக்கே உயர்நிலத்தில் தொடர்கின்றன. வடமேற்கே சுமார் 21 கி.மீ. தள்ளி நிற்கும் பிரென்ட் நோல் குன்றிலும் (137 மீ) கீழே லயாஸ் களி, மேலே மணல் என்று அதே வரிசை. அப்படியானால் இடையில் இருந்த நிலம் முழுவதும் ஒரு காலத்தில் ஒரே விரிப்பு. ஆறுகளும் கடலும் அதை அரித்துக்கொண்டு போக, மிஞ்சிய துண்டுகள் இவை. நிலம் மேலெழுந்து உண்டான மலை இல்லை; சுற்றியிருந்தது கீழே போனதால் தெரிகிற மலை. எரிமலை என்று யாராவது எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

மெத்தென்ற மணல் எப்படிக் காப்பாற்றியது என்பதற்கு இரண்டு காரணம்.

ஒன்று, மணல் தண்ணீரைக் குடித்துவிடும். களிமண் சரிவில் மழை விழுந்தால் மேலேயே ஓடி ஓடை வெட்டும். மணலில் விழுந்த மழை உள்ளே இறங்கிவிடுவதால் மேற்பரப்பு அரிப்பு குறைவு. இறங்கிய நீர் கீழே களியைத் தொட்டதும் நின்று, பக்கவாட்டில் கசிந்து ஊற்றாக வெளியே வரும். அந்தக் கசிவுக் கோட்டில்தான் களி ஊறி வழுக்கும். மேலேயுள்ள மணல் ஆதாரம் இழந்து சரியும். தலை செங்குத்தாகவும் தோள் பகுதி சப்பையாகவும் இருப்பதற்கு இந்த வேலைதான் பெரும் காரணம். கடைசிப் பனியுகத்தில் பனிப்பாளம் இங்கே வரவில்லை. ஆனால் நிலம் உறைந்து உறைந்து உருகியதில் ஊறிய மேல்மண் சரிவோடு வழிந்திருக்கிறது.

இரண்டாவது காரணம் இரும்பு. அதை ஊற்றுக்கண் எழுதினால் சரியாக இருக்கும்.

இன்னொன்று. வடிவத்தைக் கூம்பு என்று எழுதிவிடாதீர்கள். டோர் ஒரு நீண்ட முதுகு, ஏறக்குறைய தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓடுகிறது. முனையிலிருந்து பார்த்தால் ஊசிக்கூம்பு, பக்கவாட்டில் பார்த்தால் நீட்டிப் படுத்த மேடு. படத்துக்குத் தலைப்பு எழுதும்போது எந்தத் திசையிலிருந்து எடுத்தது என்று சொல்லாவிட்டால் படிப்பவர் இரண்டு வேறு குன்று என்று நினைப்பார்.

ஊற்றுக்கண்

சார் அழைத்ததால் வந்தேன் 🙂

குன்றடியில் வெல்ஹவுஸ் சந்தின் இரு பக்கமும் இரண்டு ஊற்றுகள். நடுவே உள்ள தூரம் சில பத்து மீட்டர்தான். ஆனால் நீர் வேறு வேறு.

சாலிஸ் கிணறு சிவப்பு. நாளுக்குச் சுமார் 1,10,000 லிட்டர், வெப்பநிலை ஆண்டு முழுக்க 11 டிகிரி செல்சியஸை ஒட்டியே. வறட்சிக் காலத்திலும் வற்றியதில்லை. வாய்க்காலில் நீர் ஓடும் கல்லைப் பார்த்தால் ஆரஞ்சுச் செம்மைப் படலம், விரலால் தேய்த்தால் ஒட்டும். நீரைக் குவளையில் பிடித்தால் தெளிவாக இருக்கும், நாக்கில் மட்டும் இரும்பு ருசி.

எதிர்ப் பக்கம் இருப்பது வெள்ளை ஊற்று. சுண்ணாம்பு நீர். அது படிய வைப்பது வெண்ணிறக் கால்சியம் கார்பனேட். 1872-ல் ஊர் நீர்வாரியம் அங்கே கல்லால் நீர்த்தேக்க வீடு கட்டிக் குழாய் போட்டது. சுண்ணாம்பு படிந்து குழாய் அடைபட்டதால் திட்டம் நீடிக்கவில்லை. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் வெளியூரிலிருந்து குடிநீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. கட்டடம் மட்டும் இன்றும் இருக்கிறது.

காரணம் எளிது. ஆழத்தில் ஆக்சிஜன் இல்லாத நீரில் இரும்பு கரைந்தே கிடக்கும் (ஃபெரஸ் நிலை). வெளியே காற்றைத் தொட்டதும் ஃபெரிக் ஆகி, கரையாத துருவாகப் படியும். வெள்ளை ஊற்றில் நடப்பது வேறு: கார்பன் டை ஆக்ஸைடு நிறைந்த நீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டு வருகிறது, வெளியே அந்த வாயு தப்பியதும் சுண்ணாம்பைக் கீழே போட்டுவிடுகிறது.

இனி குன்றுமணியின் கேள்வி. அந்தத் துரு மணல்மணிகளுக்கு இடையில் படியும்போது சாந்து போலக் கட்டிப்பிடிக்கிறது. உதிர்மணல் இரும்புமணற்கல் ஆகிறது. வெஸ்ட் பே மணலுக்கும் இங்குள்ள மணலுக்கும் வித்தியாசம் அங்கேதான்.

பாறைப்பித்தன்

ஒரு சிறு தடை. சாலிஸ் ஊற்று இருப்பது அடிவாரத்தில். உச்சி மணலை அது எப்படி இறுக்கும்? நீர் மேல்நோக்கி நடக்காதே.

ஊற்றுக்கண்

நியாயமான கேள்வி. பல இடங்களில் "சாலிஸ் கிணற்று நீர் டோரின் தலையை இறுக்கியது" என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள், அதனால் வரும் குழப்பம் இது. இன்றைய ஊற்று இன்றைய பள்ளத்தின் மட்டத்தில் வெளியேறுகிறது. சுற்றுநிலம் உயரமாக இருந்த காலத்தில் நிலத்தடி நீர்மட்டமும் உயரத்தில்தான் இருந்திருக்கும், ஊற்றும் மேலேதான் வாய் திறந்திருக்கும். பள்ளம் ஆழமாக ஆழமாக ஊற்றும் இறங்கியது. இறங்கிய வழியெல்லாம் இரும்பைப் படியவைத்துக்கொண்டே வந்தது என்று வைத்தால் உச்சிக்கும் பொருந்தும். குறிப்பில் "ஊற்று இறுக்கியது" என்று எழுதாமல் "இரும்பு நிறைந்த நிலத்தடி நீர் இறுக்கியது" என்று எழுதுங்கள். சிக்கல் தீர்ந்தது.

பாறைப்பித்தன்

ஏற்கிறேன். கூடவே, பிரிட்போர்ட் மணலில் இயல்பாகவே கெட்டிப் பட்டைகள் உண்டு, சுண்ணாம்பால் இறுகியவை. வெஸ்ட் பேயில் வரிவரியாகத் துருத்திக்கொண்டு நிற்பது அவைதான். எனவே 'மெத்து' என்பது மொத்த அடுக்குக்கும் பொருந்தாது. இரும்பு, கெட்டிப் பட்டை, நீரை உறிஞ்சும் தன்மை, மூன்றும் சேர்ந்ததுதான் கவசம்.

கதைகேளான்

ஆர்தர் வேண்டாம் என்றுதான் சொன்னீர்கள், ஆனாலும் கேட்டுவிடுகிறேன். கல்லறை இருந்தது டோர் மேலேயா?

ஏட்டுச்சுவடி

இல்லை. 1191-ல் துறவிகள் தோண்டி எடுத்ததாக அறிவித்தது ஊருக்குள் இருக்கும் மடாலயத்தின் இடுகாட்டில். 1184 தீயில் மடம் எரிந்து, மறுகட்டுமானத்துக்குப் பணம் தேவைப்பட்ட நேரம் அது. மிச்சத்தை நீங்களே யூகிக்கலாம். டோர் வேறு, மடம் வேறு. பலர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். அதேபோல கிளாஸ்டன்பரி இசைவிழா நடப்பதும் இங்கே இல்லை, கிழக்கே பில்டன் ஊர்ப் பண்ணையில்.

வரப்பு வேலு

ரெண்டாவது கேள்விக்கு வரேன்.

சரிவை உழுதா படி தானா உருவாகும். சமவரைக் கோட்டை (சரிவுல ஒரே உயரத்துல போற கோடு) ஒட்டி மாட்டைக் கட்டிக் கலப்பை ஓட்டுறப்போ, புரண்ட மண்ணு ஒவ்வொரு உழவுலயும் கொஞ்சம் கொஞ்சமா கீழ்ப்பக்கம் நகரும். கீழ் ஓரத்துல வரப்பு இருந்தா அங்க தங்கிக் குவியும். மேல் ஓரத்துல மண்ணு போய்க் குழியும். பல தலைமுறை உழவுல மேலே வெட்டு, கீழே குவியல், நடுவுல சப்பையான பட்டை. இங்கிலாந்துல இதை லிஞ்செட்னு சொல்றாங்க. டோர்செட்ல வொர்த் மட்ராவர்ஸ் பக்கம் போனா வரிசையாப் பாக்கலாம்.

"வடக்குச் சரிவுல வெயில் விழாது, அங்க யாரு உழுவான்?" இதுதான் உழவுக் கொள்கைக்கு எதிரா எல்லாரும் கேக்குறது. ஆனா அந்த இடத்தோட நிலைமையப் பாருங்க. கிளாஸ்டன்பரி அன்னைக்கு கிட்டத்தட்டத் தீவு. மூணு பக்கமும் சதுப்பு, குளிர்காலத்துல வெள்ளம். காஞ்ச நிலம்னு இருந்தது இந்த மேடுகள் மட்டும்தான். பெரிய மடத்துக்குச் சோறு போடணும், ஊருக்கும் போடணும். அப்படி நெருக்கடி இருந்தா நிழல் சரிவையும் விடமாட்டாங்க. வடக்குப் படியில கோதுமைதான் போட்டாங்கன்னு யாரும் சொல்லல, புல்லாவும் இருந்திருக்கலாம்.

இன்னொண்ணு, பாறைப்பித்தன் சொன்ன கெட்டிப் பட்டை. மணல் சீக்கிரம் தேயும், பட்டை மெதுவாத் தேயும். அதனால சரிவுல இயற்கையாவே லேசான படி இருந்திருக்கும். உழவன் ஏற்கெனவே இருக்குற திட்டுலதான் முதல்ல ஏரைப் பூட்டுவான். இயற்கை போட்ட கோட்டை மனுஷன் அழுத்தி வரைஞ்சதுதான் இந்தப் படிகள். என் கட்சி இதுதான்.

சுழல்பாதை

வேலு அண்ணே, மூன்றாவது கொள்கையை ஒரே அடியில் தள்ளிவிட வேண்டாம். ஜெஃப்ரி ரஸ்ஸல் 1960-களில் முன்வைத்தது: ஏழு படிகளும் தனித்தனி இல்லை, கிரேக்கத்தின் கிரேத்தத் தீவுப் பழங்காசுகளில் இருக்கும் ஏழு சுற்றுச் சுருள்பாதையின் முப்பரிமாண வடிவம், ஊர்வலமாக ஏறும் வழி என்று. படிகள் குன்றைச் சுற்றிப் பெரும்பாலும் சமச்சீராகப் போவதை வெறும் உழவால் விளக்க முடியுமா?

வரப்பு வேலு

சமச்சீர்னு எப்படி முடிவு பண்றீங்க தம்பி? கீழ நின்னு பாத்தா எல்லாமே சமச்சீர்தான். ஒரு படி குன்றைச் சுற்றி ஒரே மட்டத்துல போகுதா, சுழன்று மேல ஏறுதா, பாதியில இன்னொண்ணோட சேருதா, அதை அளந்து சொல்லணும். சுருள்பாதைன்னா ஒரு படி அடுத்த படிக்குப் போய்ச் சேர்ற வளைவு, திருப்பம் குறிப்பிட்ட இடத்துல இருக்கணும். இல்லாத இடத்துல 'அரிச்சுப் போச்சு'ன்னு சொல்லி இட்டு நிரப்பினா எந்த மலையையும் சுருளாக்கலாம்.

திசைகாட்டி

சண்டை வேண்டாம், அளந்துடலாம் 😄 நேர்ல போக வேண்டியதே இல்லை. செய்முறை:

இங்கிலாந்து சுற்றுச்சூழல் முகமையின் லைடார் தரவு (விமானத்துலேருந்து லேசர் அடிச்சு நில உயரத்தை அளந்தது) இலவசம், 1 மீட்டர் துல்லியம். தரவிறக்கப் பக்கத்துல டோர் இருக்கும் கட்டத்தைத் தேர்வு செய்யுங்க. வரைபடக் குறி எஸ்டி 512386. ரெண்டு வகை கிடைக்கும்: டிஎஸ்எம்-ல மரம், கட்டடம் எல்லாம் இருக்கும். டிடிஎம்-ல அதையெல்லாம் வழிச்சு எடுத்திருப்பாங்க. படிகளுக்கு டிடிஎம் வேணும். உச்சியில நிக்கிற கோபுரத்தைக் காணோமேன்னு பதறாதீங்க, அது கட்டடம்னு நீக்கப்பட்டிருக்கும்.

க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருள்ல கோப்பைத் திறங்க. ஆயமுறை 27700-ஆ (பிரிட்டன் வரைபடக் கட்டத்தோட எண்) இருக்கணும். வேற எதாவது இருந்தா குன்று நசுங்கித் தெரியும், தூரமும் தப்பா வரும்.

அடுத்து மலைநிழல், அதாவது ஒரு திசையிலேருந்து வெளிச்சம் அடிச்ச மாதிரி நிலத்தைக் காட்டுற படம். இங்கதான் நிறையப் பேர் ஏமாறுறாங்க. இயல்பு அமைப்புல வெளிச்சம் 315 டிகிரி, அதாவது வடமேற்கிலிருந்து, 45 டிகிரி உயரத்துல. அந்த வெளிச்சத்தோட திசையிலேயே நீளமா ஓடுற படி நிழலே போடாது, இல்லாத மாதிரி இருக்கும். எதிரெதிர்ச் சரிவுல ஒண்ணு பளிச்சுன்னும் ஒண்ணு இருட்டாவும் வரும், சமச்சீர் பத்தி எதுவும் சொல்ல முடியாது. அதனால பல்திசை மலைநிழலைத் தேர்வு செய்யுங்க. இல்லைன்னா மலைநிழலே வேண்டாம், சரிவு வரைபடம் போடுங்க. படியோட முகப்பு அடர் நிறமாவும் மேல்தட்டு வெளிர் நிறமாவும் வரும், எந்தத் திசைக்கும் பாரபட்சம் இல்லை.

கடைசியா, உச்சியிலிருந்து எட்டுத் திசைக்கும் கோடு போட்டுக் குறுக்குவெட்டு எடுங்க. உயரத்தை 2 மடங்கு பெரிதாக்கினா போதும். 5 மடங்குன்னு வெச்சா மாட்டுத்தடம் கூடக் கோட்டைச் சுவர் மாதிரி தெரியும்.

எட்டுக் கோட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா ஒண்ணு உடனே புரியும்: படி எண்ணிக்கை கோட்டுக்குக் கோடு மாறுது. சில இடத்துல ரெண்டு படி ஒண்ணா ஆகுது, சில இடத்துல கரைஞ்சு போகுது. 'ஏழு' என்பது நல்லாத் தெரியிற பக்கத்துல எண்ணினது.

காகித வரைபடம் வெச்சு இதைச் செய்ய முடியாது. 1:25,000 எக்ஸ்ப்ளோரர் தாள் (இந்தப் பகுதிக்கு 141) இங்கே 5 மீட்டருக்கு ஒரு சமவரைக் கோடுதான் போடும். அதைவிடக் குறைவான உயரத்துல இருக்குற படி ரெண்டு கோட்டுக்கு நடுவுல ஒளிஞ்சுடும்.

சுழல்பாதை

சரிவு வரைபடம் போட்டுப் பார்த்தேன். திருப்பங்கள் இருக்க வேண்டிய இடத்தில் பழைய பாதைத் தடங்களும் சரிவும் கலந்து கிடக்கின்றன, இது என்று கையை வைத்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் உழவு என்றும் நிரூபணம் இல்லையே? அகழாய்வாளர் ஃபிலிப் ராட்ஸ் தோண்டியபோது படிகளில் என்ன கிடைத்தது?

ஏட்டுச்சுவடி

ராட்ஸ் 1964 முதல் 1966 வரை தோண்டியதன் குறி உச்சிப் பகுதி. படிகளின் வயது அவருடைய முதன்மைக் கேள்வி அல்ல.

உச்சியில் கிடைத்தவை சுவையானவை. புதிய கற்காலத் தீக்கல் கருவிகள் சில, ரோமானியக் காலத்து ஓடு உடைசல்கள். பிறகு 5, 6-ஆம் நூற்றாண்டில் மரக் கட்டடங்களின் தடங்கள், உலோகம் உருக்கிய அடுப்புகள், மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து வந்த மது அல்லது எண்ணெய்ச் சாடிகளின் ஓடுகள். மாடு, ஆடு, பன்றி எலும்புகள் ஏராளம். வடக்குத் தெற்காகப் புதைத்த இரண்டு பேர். கிறித்தவ வழக்கம் கிழக்கு மேற்கு.

இறைச்சி தின்றார்கள், உலோகம் செய்தார்கள், தூரதேசச் சரக்கு வாங்கினார்கள் என்பதால் ராட்ஸ் முதலில் இதை ஒரு குறுநிலத் தலைவனின் காவலிடம் என்று சாய்வாகச் சொன்னார். தொடக்ககால மடாலயமாகவும் இருக்கலாம் என்ற பக்கத்துக்குப் பின்னாளில் நகர்ந்தார். பிறகு வந்த சாக்ஸன் காலத்தில் துறவிகளின் அறைகள் இருந்தது தெளிவு. 10 அல்லது 11-ஆம் நூற்றாண்டுச் சக்கரச் சிலுவையின் தலையும் சரிவில் கிடைத்தது.

படிகளின் வயதை அறிய வேண்டுமானால் வழி தெரிந்ததுதான்: ஒரு படியைக் குறுக்கே வெட்டி, கீழ் ஓரத்தில் குவிந்த மண்ணின் தடிமனைப் பார்க்க வேண்டும். உழவு என்றால் அடியில் பழைய மேல்மண் புதைந்து, அதன்மேல் ஒரே சீரான, கல் கலந்த உழவு மண் இருக்கும். பாறைப் படி என்றால் குவியலே இருக்காது, மண்ணுக்கு அடியில் உடனே கெட்டிப் பட்டை. வெட்டிக் கட்டிய ஊர்வலப் பாதை என்றால் தோண்டிக் கொட்டிய மண் அடுக்குத் தலைகீழாக, ஒரே மூச்சில் போட்டதாகத் தெரியும். மூன்றும் மூன்று விதம். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் ஆசைப்பட்டவர் எல்லாம் மண்வெட்டி எடுக்க முடியாது, அதுவும் நல்லதுக்குத்தான்.

குன்றுமணி

அருமை. படிகளுக்கு "இயற்கைத் திட்டுகளின் மேல் இடைக்கால உழவு என்பதே வலுவான விளக்கம், சுருள்பாதை என்பது ஒரு கருத்து" என்று எழுதிக்கொள்கிறேன். கோபுரம் பற்றி யாராவது?

சாந்துக்கரண்டி

உச்சியில் நிற்பது புனித மைக்கேல் கோயிலின் கோபுரம் மட்டும். கூரையும் இல்லை, பின்னால் கோயிலும் இல்லை. நம்மூர்ப் பேச்சில் மொட்டைக் கோபுரம்.

முதல் கோயில் 1275 செப்டம்பர் 11 நிலநடுக்கத்தில் விழுந்தது. 14-ஆம் நூற்றாண்டில் மறுபடி கட்டினார்கள், இன்றைய கோபுரம் அதன் மிச்சம். 1539-ல் எட்டாம் ஹென்றி மடங்களை ஒழித்தபோது கடைசி மடாதிபதி ரிச்சர்ட் வைட்டிங்கை நவம்பர் 15 அன்று இதே உச்சிக்கு இழுத்துவந்து, இரண்டு துறவிகளோடு தூக்கிலிட்டார்கள். அதன்பின் கோயில் கல் கல்லாகப் போனது.

மேற்கு முகத்தில் வாசலுக்கு மேலே இரண்டு புடைப்புச் சிற்பங்களைத் தேடுங்கள்: ஒன்றில் புனித பிரிஜித் பசுவில் பால் கறக்கிறாள், இன்னொன்றில் ஆன்மாவைத் தராசில் நிறுக்கிறார்கள். காற்றில் தேய்ந்துவிட்டன. காலையில் முகத்தில் நேர்வெயில் இல்லாதபோது ஒன்றும் தெரியாது. மாலை வெயில் பக்கவாட்டில் அடிக்கும்போது பார்த்தால் விளிம்பு எழுந்து நிற்கும்.

பழுதுபார்ப்பு வரலாறு பாடமாகவே வைக்கலாம். ரிச்சர்ட் கோல்ட் ஹோர் செலவில் 1804-ல் சரிசெய்தபோது வடகிழக்கு மூலையைப் புதிதாக எழுப்பினார்கள். 1933-ல் பழமைச் சின்னங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்தது; பெரிய வேலைகள் போருக்குப் பிறகுதான். 60-களின் அகழாய்வில் பாறையிலேயே வெடிப்புகள் தெரிந்தன, நிலம் முன்பு நகர்ந்திருக்கிறது. காற்று மண்ணை அரித்து அடித்தளம் வெளியே தெரியவே கான்கிரீட் போட்டு அடைத்தார்கள். 2000-க்குப் பிறகு கைப்பிடிச் சுவரை மறுபடி கட்டினார்கள், பழைய பழுதுபார்ப்பால் கெட்டுப்போன கற்களை எடுத்துவிட்டு ஹாட்ஸ்பென் சுரங்கக் கல் வைத்தார்கள்.

குன்றுமணி

பழுதுபார்ப்பே கல்லைக் கெடுக்குமா?

சாந்துக்கரண்டி

கெடுக்கும். பழங்கல் கட்டடங்களில் பொதுவாக நடப்பது இது. நனைந்த சுவர் உலர வழி வேண்டும். சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மெத்தென்று, துளையோடு இருப்பதால் ஈரம் இணைப்பு வழியே வெளியேறும். தேய்வதும் சாந்துதான், பூசி மாற்றிக்கொள்ளலாம். அங்கே சிமென்ட் வைத்தால் இணைப்பு அடைபட்டுவிடும். ஈரம் கல்லின் முகம் வழியே வெளியேறும், உப்பு அங்கே படியும், உறைபனி வந்தால் முகம் ஏடு ஏடாகப் பெயரும். சில பத்தாண்டில் சிமென்ட் கோடு துருத்திக்கொண்டும் கல் உள்ளே குழிந்தும் நிற்கும். அந்தக் காட்சியை எங்கே பார்த்தாலும் காரணம் இதுதான்.

செய்ய வேண்டியது: இணைப்பின் அகலத்தைப் போல் குறைந்தது 2 மடங்கு ஆழத்துக்குப் பழையதைக் கையால் சுரண்டி எடுக்க வேண்டும், சுழல்வாள் கூடாது, கல் விளிம்பைக் கடித்துவிடும். கல்லை நனைத்து, 1 பங்கு நீர்ச்சுண்ணாம்புக்கு (நீரோடு சேர்ந்து இறுகும் வகை) இரண்டரை முதல் 3 பங்கு கூர்மணல். 5 டிகிரிக்குக் கீழே வெப்பநிலை போனால் வேலை நிறுத்தம். முடித்ததும் ஈரச்சாக்கு மூடிச் சில நாள் காக்க வேண்டும். டோர் மாதிரி காற்று அடிக்கும் உச்சியில் அந்தக் கடைசி வேலைதான் கஷ்டம். சாந்து இறுகும் முன்பே உலர்ந்தால் மாவாகக் கொட்டும்.

வழிப்போக்கி

போகிறவர்களுக்கு:

ரயில் நிலையம் கிளாஸ்டன்பரியில் கிடையாது. காசில் கேரி வரை ரயில், அங்கிருந்து டாக்சி. அல்லது பிரிஸ்டலிலிருந்து வெல்ஸ் வழியாக வரும் 376 பேருந்து, ஊருக்குள்ளேயே இறக்கிவிடும். குன்றடியில் கார் நிறுத்துமிடம் இல்லை. சந்து குறுகல், ஓரமாக நிறுத்திவிட்டுப் போனால் வழி மறிக்கும். ஊருக்குள் நிறுத்திவிட்டு நடங்கள்.

ஏற இரண்டு வழி. சில்க்வெல் தெருப் பக்கமிருந்து மேற்கு முதுகில் ஏறுவது நீளம், சரிவு குறைவு. வெல்ஹவுஸ் சந்தின் மேல்கோடியிலிருந்து ஏறுவது தூரம் குறைவு, ஆனால் செங்குத்து. மேற்கில் ஏறிக் கிழக்கில் இறங்குவதுதான் பலர் சொல்வது. முட்டி வலி உள்ளவர்கள் இறங்குவதற்கும் மேற்கையே எடுக்கவும்.

பாதை கெட்டியாகப் போட்டிருப்பது வசதிக்கு மட்டுமல்ல, படிகள் மிதிபட்டுக் கரையாமல் காக்கத்தான். குறுக்கே புல்லில் ஏறாதீர்கள். மழை பெய்த களிச்சரிவு வழுக்கும் என்பது கூடுதல் காரணம். ஆடு மேயும், நாயைக் கட்டிப் பிடிக்கவும். மேலே கழிப்பறை, தண்ணீர், விளக்கு எதுவும் இல்லை. டிரோன் பறக்கவிடவும் தீ மூட்டவும் தடை.

காற்று: கீழே சட்டை அசையாத நாளிலும் மேலே தொப்பி பறக்கும். கோபுரத்துக்குள் ஒதுங்கலாம் என்று போனால் கிழக்கு, மேற்கு இரண்டு வாசலும் திறந்தே இருப்பதால் உள்ளே இன்னும் வேகமாக அடிக்கும். வடக்கு அல்லது தெற்குச் சுவரின் வெளிப்பக்கம் ஒதுங்குங்கள். இசைவிழா நடக்கும் ஜூன் கடைசியில் சாலை நெரிசல், தவிர்க்கவும்.

படப்பெட்டி

மூடுபனிக்கு மேலே குன்று மிதக்கும் படத்துக்குத்தான் எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். அதற்கு மேகமற்ற இரவு, முந்தின நாள் மழை அல்லது நனைந்த நிலம், உயரழுத்தம், 5 நாட் (மணிக்குச் சுமார் 9 கி.மீ.) வேகத்துக்குக் குறைவான காற்று, நான்கும் வேண்டும். இலையுதிர் காலமும் குளிர்காலமும் நல்லது. காற்று கூடினால் பனி கலந்து மேலெழும். டோரே மேகத்துக்குள் போய்விடும். காற்று துளியும் இல்லாவிட்டால் பனி முழங்கால் உயரத்தில் நின்றுவிடும், பார்க்கக் காலியாக இருக்கும்.

நிற்க வேண்டிய இடம் டோர் அல்ல, தென்மேற்கே உள்ள வேரியால் குன்று. அங்கிருந்து டோர் ஏறக்குறைய கிழக்கே தெரிவதால் சம இரவு நாட்களை ஒட்டிய வாரங்களில் சூரியன் கோபுரத்தின் அருகில் எழும். சூரியன் அடிவானத்தில் உதிக்கும் திசையை மட்டும் பார்த்து இடம் குறிக்காதீர்கள். குன்று உயரமாக இருப்பதால் சூரியன் அதைத் தாண்டி மேலே வருவதற்குள் சில டிகிரி தெற்கே நகர்ந்திருக்கும். அந்த நகர்வைக் கணக்கில் எடுத்து இன்னும் வடக்கே உதிக்கும் நாளைத் தேர்வு செய்ய வேண்டும்.

கதைகேளான்

பக்கத்தில் பர்ரோ மம்ப் என்று ஒரு குட்டிக் குன்று, அதன் மேலும் பாழடைந்த மைக்கேல் கோயில். அதுவும் இதே கல்தானா?

பாறைப்பித்தன்

இல்லை. அது 24 மீட்டர்தான், பேரட் ஆறும் டோன் ஆறும் கூடும் இடத்தில். கல் டிரையாசிக் செங்களி, டோரைவிடப் பழையது. தலையில் மணல் கவசமும் கிடையாது. உருவமும் கோயிலும் ஒன்றுபோல இருப்பதால் பிறப்பும் ஒன்று என்று எழுதிவிடாதீர்கள். யார்க்ஷயரில் உள்ள ரோஸ்பெரி டாப்பிங் (320 மீ) இன்னும் நெருங்கிய உறவு: கீழே மெத்தென்ற களிப்பாறை, மேலே மணற்கல் தொப்பி. 1912-ல் அதன் தொப்பியின் ஒரு பக்கம் சரிந்து விழுந்தது. பிளவா, அடியில் இரும்புத்தாது தோண்டியதா என்று இன்னும் வாதம் நடக்கிறது. அதற்குத் தனி இழை போடலாம்.

வழிப்போக்கி

ஒன்று விட்டுப்போயிற்று. டோருக்குக் கிழக்கே ஸ்டோன் டவுன் பக்கம் காக், மேகாக் என்று இரண்டு பழம்பெரும் ஓக் மரங்கள். காக் பட்டமரம், 2017-ல் அதன் பொந்தில் யாரோ ஏற்றிவைத்த மெழுகுவர்த்தியால் தீப்பிடித்தது. குறிப்பில் அந்த மரங்களைச் சேர்த்தால், அங்கே விளக்கு, ஊதுபத்தி எதுவும் ஏற்றக் கூடாது என்பதையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள்.

குன்றுமணி

சேர்த்தாயிற்று. ரோஸ்பெரிக்கு இழை திறக்கிறேன், பாறைப்பித்தன் சார் முதல் பதிவு நீங்களே போடுங்கள்.